ஒரு கூரை, எத்தனை உலை?

காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில், சிப்காட் தொழிற்பூங்காவுக்குள், 18,720 பெண்கள் தங்கக்கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அருகிலுள்ள மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம்பெண்களுக்காகக் கட்டப்பட்டது அது. வெளி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் அங்கே ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்துகொள்கிறார்கள், பொதுச் சமையலறையில் சாப்பிடுகிறார்கள், ஷிப்டுக்கு ஏற்றபடி தூங்கி எழுகிறார்கள்.

அப்படி வந்த ஒரு பெண்ணின் ஊருக்குப் போய்ப் பார்த்தால், வீட்டின் பின்கட்டிலோ பக்கத்துத் தாழ்வாரத்திலோ அவளுடைய பாட்டி தனி அடுப்பு மூட்டிச் சோறாக்கிக்கொண்டிருக்கக்கூடும். முன்கட்டில் மகனும் மருமகளும் இருப்பார்கள். கேட்டால், "எனக்கென்ன, ஒரு வாய்ச் சோறு, நானே ஆக்கித் தின்னுக்கிறேன்" என்று பதில் வரும்.

இருபது வயதுப் பேத்தி, எழுபது வயதுப் பாட்டி. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவரும் அந்தக் குடும்பத்தின் உலையிலிருந்து பிரிந்து உண்கிறார்கள். இளையோரும் முதியோரும் யாருடன், எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியைத் தமிழ்நாட்டை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்கமாக இந்தப் பேச்சு "கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது" என்ற ஒற்றைப் பெருமூச்சில் முடிந்துவிடும். நம் வீடுகளும், வாடகைச் சந்தையும், சட்டமும், கணக்கெடுப்பும் குடும்பம் என்ற ஒரே அலகைத்தான் அறிந்திருக்கின்றன என்பதே என் வாதம். அந்த அலகிலிருந்து வெளியே போகும் இளையவருக்கும், அதில் எஞ்சி நிற்கும் முதியவருக்கும் நாம் இன்னும் இடம் அமைக்கவில்லை. இடமின்மை இருவருக்கும் பொதுதான். அதிலிருந்து மீளும் வாய்ப்புதான் வயதுக்கு வயது வேறுபடுகிறது.

எண்ணும் முறையும் எண்களும்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "குடும்பம்" என்பதன் அளவுகோல் இரத்த உறவு அன்று. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுச் சமையலறையிலிருந்து உண்பவர்களே ஒரு குடும்பம். உலைதான் எல்லை. இந்த வரையறை நம் ஊர் வழக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. "தனியாப் போயிட்டாங்க" என்று ஊரில் சொன்னால் வீடு மாறியதாகப் பொருள் கொள்ள வேண்டியதில்லை; அடுப்பு பிரிந்தாலே அது தனிக்குடித்தனம்தான்.

ஆனால் இந்த வரையறைக்குள் இரண்டு சிக்கல்கள் உண்டு. மகன் வீட்டுப் பின்கட்டில் தனியாகச் சமைக்கும் தாய், கணக்கில் தனியாள் குடும்பம் ஆகிவிடுகிறார். பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்து போய்விட, பூட்டிய அறைகள் நிறைந்த வீட்டில் ஒற்றையாய் இருக்கும் தாயும் அதே கட்டத்தில்தான் வருகிறார். இருவருடைய இரவுகளும் ஒன்றாக இருக்க முடியாது. ஒருவர் இருமினால் சுவருக்கு அப்பால் கேட்கும். மற்றவர் விழுந்தால் பால்காரர் வந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல், உறவில்லாதவர்கள் சேர்ந்து உண்ணும் இடங்களைப் பற்றியது. விடுதி, மெஸ், முதியோர் இல்லம், ஆசிரமம், சிறை ஆகிய அனைத்தையும் "நிறுவனக் குடும்பம்" என்ற ஒரே வகையில் கணக்கெடுப்பு அடக்கிவிடுகிறது. வல்லம் வடகால் பேத்தியும், முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பாட்டியும் புள்ளிவிவரத்தில் ஒரே பெட்டிக்குள் கிடக்கிறார்கள்.

இந்தக் குறைகளை நினைவில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், சுமார் 1.85 கோடிக் குடும்பங்கள். குடும்பத்துக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழுவின் கணிப்பில், 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு (16.5) அடுத்த இடம் இது. 2031-இல் இந்த விகிதம் 18.2 ஆகும் என்கிறது அதே கணிப்பு.

முதியோர் யாருடன் வாழ்கிறார்கள் என்பதை அறிய நம்மிடம் உள்ள பெரிய சான்று, 2017–18-இல் நாடெங்கும் 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட 'லாசி' எனப்படும் முதுமை பற்றிய நெடுநாள் ஆய்வு. அதன்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 40.7 விழுக்காட்டினர் துணையோடும் பிள்ளைகளோடும் வாழ்கிறார்கள், 27.6 விழுக்காட்டினர் துணையை இழந்தோ பிரிந்தோ பிள்ளைகளோடு இருக்கிறார்கள், 20.3 விழுக்காட்டினர் கணவன் மனைவி இருவர் மட்டும், 5.7 விழுக்காட்டினர் தன்னந்தனியாக. கடைசி இரண்டையும் கூட்டினால், முதியோரில் நான்கில் ஒருவர் பிள்ளைகள் இல்லாத வீட்டில் வாழ்கிறார். தனியாக வாழ்வோரில் பெண்களின் விகிதம் ஆண்களைப் போல மூன்று மடங்கு.

தமிழ்நாட்டில் இந்தப் போக்கு இன்னும் அழுத்தமானது. 2011-இல் இமாச்சலம், பஞ்சாப், மேற்கு வங்கம், ஒடிசா, மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு ஆகிய 7 மாநிலங்களில் நடந்த முதியோர் ஆய்வில், தனியாக வாழும் முதியோர் விகிதம் அதிகமாக இருந்தது தமிழ்நாட்டில்தான். வயது முதிர்ந்த கேரளத்தைவிடவும் இங்கே அதிகம் என்பது யோசிக்க வைக்கிறது. வயதுக் கணக்கு மட்டும் இதற்கு விடையாகாது.

கூட்டுக்குடும்பம் என்ற நினைவு

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள் என்பது நம் பொதுநினைவு. ஆய்வுகள் இதை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த கள ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்ட பாலின் கோலெண்டா என்ற மானிடவியலாளர், கங்கைச் சமவெளியோடு ஒப்பிட்டால் தென்னிந்தியாவில் கூட்டுக்குடும்பம் குறைவு என்று 1968-இலேயே காட்டினார். குஜராத்தை ஆராய்ந்த ஏ.எம். ஷா, ஒரு குடும்பம் காலப்போக்கில் விரிவதும் பிரிவதுமாக இருக்கும், எந்தக் கட்டத்தில் எட்டிப் பார்க்கிறோமோ அதையே நிலையான வடிவம் என்று நினைத்துவிடுகிறோம் என்று எழுதினார். மகுவா என்ற சிறுநகரத்தை ஆராய்ந்த ஐ.பி. தேசாய், தனித்தனி வீடுகளில் வாழ்பவர்களும் சொத்திலும் கடமையிலும் கூட்டாக இருப்பதைக் கண்டார்.

தமிழகத்தில் நிலமுள்ள குடும்பங்களில் கூட்டு வாழ்வு நீடித்தது உண்மை. ஆனால் பிரிப்பதற்கு நிலமோ வீடோ இல்லாதவர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு எது? கூலி வேலை செய்பவர்கள் கல்யாணமான கையோடு தனி அடுப்பு வைத்துக்கொண்டார்கள். கூட்டுக்குடும்பம் என்ற நினைவு பெரும்பாலும் சொத்துள்ளவர்களின் நினைவு.

சொத்துள்ளவர்களிடமும் ஏற்பாடு ஒரே வார்ப்பாக இருந்ததில்லை. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். வளவைச் சுற்றி அறைகள், ஒரே வாசல், ஒரே கூரை. ஆனால் மகனுக்குத் திருமணமான பின் அந்தத் தம்பதியை "வேறு வைத்தல்" என்பது அவர்கள் வழக்கம். பாத்திரம் பண்டம், அரிசி பருப்போடு அதே வீட்டுக்குள் தனிச் சமையல் தொடங்கிவிடும். கோயில் வரிக்குக் கணக்குப் பார்க்கும்போதும் திருமணமான தம்பதிதான் ஒரு "புள்ளி". துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மாமியாரின் கண்பார்வைக்குள் மருமகளுக்கு ஓர் அடுப்பு. உரசலும் குறையும், உதவியும் கைக்கெட்டும். ஒன்றாக இருப்பதற்கும் பிரிந்திருப்பதற்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதை நம்மவர்களே கட்டடமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மாளிகைகள் பலவற்றில் இன்று ஒரு முதிய தம்பதியோ ஒரு காவலாளியோ மட்டும் இருப்பது வேறு கதை.

நம் திரைப்படங்களும் இந்த மாற்றத்தைக் கண்டிருக்கின்றன. 1959-இல் வந்த "பாகப்பிரிவினை" பிரிவை ஒரு துயரமாகக் காட்டியது. 1986-இல் வந்த விசுவின் "சம்சாரம் அது மின்சாரம்" படத்தில், மீண்டும் சேர்ந்து வாழ அழைக்கும்போது, தள்ளி இருந்து உறவைக் காப்போம் என்று மருமகள் முடிவெடுக்கிறாள். அந்த முடிவை மக்கள் ஏற்றுக்கொண்டு படத்தைக் கொண்டாடினார்கள். தனிக்குடித்தனம் கேட்பது குற்றமில்லை என்று தமிழ்ச் சமூகம் பொதுவில் ஒப்புக்கொண்ட தருணங்களில் அது ஒன்று.

இளையோர்: இரண்டு உலைகளுக்கு நடுவே

இளையோரில் பெரும்பாலோர் இன்றும் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். மேற்கு ஐரோப்பா, வட ஐரோப்பாவைப் போலப் பதினெட்டு இருபதில் தனி வீடு பார்ப்பது இங்கே வழக்கமில்லை. வெளியேறுவதற்கு நாம் ஒப்புக்கொண்ட காரணங்கள் மூன்றே: படிப்பு, வேலை, கல்யாணம். "எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும்" என்பதை நாலாவது காரணமாக எந்த வீடும் இன்னும் எளிதில் ஏற்பதில்லை.

முதல் இரண்டு காரணங்களும் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகிவிட்டன. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டளவில் 28.4 ஆக இருக்க, 2021–22 கணக்கில் தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு. படித்தவர்களுக்கான வேலை சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கோவையிலும் திருப்பெரும்புதூரிலும் ஓசூரிலும் குவிந்து கிடக்கிறது. ஆகவே படிப்பு முடிந்ததும் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

பெட்டியோடு வருபவருக்கு நகரம் தரும் இடங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்: ஒரு கட்டில், ஒரு கொடி, தளத்துக்குப் பொதுவான குளியலறை, கீழே மெஸ். வேலை தேடி வந்தவர்களும், சினிமாக் கனவோடு வந்தவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் அங்கே பத்து பதினைந்து ஆண்டுகள்கூட இருந்திருக்கிறார்கள். பெண்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல். இன்று துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர்ப் பக்கம் பி.ஜி. விடுதிகள். "டூ ஷேரிங்", "ஃபோர் ஷேரிங்" என்று கட்டில் கணக்கில் வாடகை. கொங்கு மண்டலத்து நூற்பாலைகளில் இளம்பெண்களை வளாகத்துக்குள்ளேயே தங்கவைத்து, கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம், வேலையையும் இருப்பிடத்தையும் ஒரே பூட்டுக்குள் வைத்த கொடுமையாகக் கடும் விமர்சனத்துக்கு ஆளானது.

இருப்பிடம் முதலாளி கையில் இருந்தால் என்னவாகும் என்பதை 2021 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். திருப்பெரும்புதூர்ப் பகுதி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு அன்று. சோறும் படுக்கவொரு நல்ல இடமும். வல்லம் வடகால் குடியிருப்புக்கும் அரசின் "தோழி" பணிபுரியும் மகளிர் விடுதிகளுக்கும் பின்னணியில் இந்தக் குரல் இருக்கிறது. மகளிர், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. உரிமம் இல்லாத விடுதிகள் இன்றும் இயங்குகின்றன என்பதுதான் வருத்தம்.

விடுதி வேண்டாம், வீடு எடுத்துக்கொள்ளலாம் என்றால் "ஃபேமிலிக்கு மட்டும்" என்ற பலகை வாசலில் நிற்கும். கல்யாணமாகாதவர் என்றால் சந்தேகம். கல்யாணமாகாத பெண் என்றால் இரட்டைச் சந்தேகம். அதன் பின்னாலேயே என்ன சாப்பிடுவீர்கள், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று சாதியைச் சுற்றி வளைத்து விசாரணை வரும். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகும் தொலையவில்லை. முதல் சம்பளம் வாங்கியவரிடம் பத்து மாத வாடகை எங்கிருந்து வரும்? அப்பாதான் தர வேண்டும். தனியாக இருக்க விரும்பும் மகனும் மகளும் அதற்கும் அப்பாவின் சேமிப்பையே நம்பியிருக்கிறார்கள்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இந்தப் பருவம் ஒன்றாக முடிவதில்லை. மகனுக்கு மேன்ஷனிலிருந்து திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது. அங்கே அவன் அறை காத்திருக்கும். மகளுக்கு அந்த விடுதிக் கட்டில், தாய்வீட்டு உலைக்கும் புகுந்த வீட்டு உலைக்கும் நடுவே கிடைத்த நான்கைந்து ஆண்டு இடைவெளி. பல பெண்கள் தங்கள் வாழ்க்கையிலேயே தாங்கள் நினைத்ததைச் சாப்பிட்டு, நினைத்த நேரத்தில் தூங்கிய ஆண்டுகள் அவை மட்டும்தான் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சந்தோஷமாகத்தான் சொல்வார்கள், கேட்கிற நமக்குத்தான் கனக்கும்.

முதியோர்: வீடு மாறாமல் தனிமைப்படுதல்

இளையவர் வீட்டை விட்டுப் போவதால் தனியாகிறார். முதியவர் பெரும்பாலும் எங்கும் போவதில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் போகிறார்கள். பிள்ளைகள் வேலைக்கு, மகள்கள் கல்யாணத்துக்கு, கடைசியில் கணவன் மயானத்துக்கு. கணவனைவிட மனைவி வயதில் இளையவர், ஆயுளும் பெண்ணுக்குச் சற்று அதிகம். ஆகவே தனித்து எஞ்சுபவர் பெண்ணாகவே இருக்கிறார். மனைவியை இழந்த ஆணைப் பிள்ளைகள் அழைத்துக்கொள்வதும் எளிதில் நடக்கிறது: அவருக்குச் சமைக்கத் தெரியாது என்ற ஒரு காரணம் போதும். சமைக்கத் தெரிந்த குற்றத்துக்காக அம்மா தனியே விடப்படுகிறார்.

சேர்ந்து வாழும் முதியோரின் நிலையும் ஒரே மாதிரி இல்லை. சொத்து பிரித்த கையோடு பெற்றோரையும் பிரித்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மாதம் ஒரு மகன் வீடு என்று முறை வைப்பார்கள். சில வீடுகளில் அப்பா மூத்தவனிடம், அம்மா இளையவனிடம் என்று, ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களைக் கடைசிக் காலத்தில் இரண்டாக்கிவிடுவார்கள். கணக்கெடுப்பில் இவர்கள் "பிள்ளைகளுடன் வாழ்வோர்". கையில் ஒரு துணிப்பையோடு முப்பது நாளுக்கொரு முறை வாசல் மாறும் தாய்க்கு எந்த வாசல் சொந்தம் என்று அந்தக் கட்டம் சொல்லாது.

இன்னொரு பொதுநம்பிக்கையையும் சரிபார்க்க வேண்டும்: முதியோர் என்றால் சார்ந்து வாழ்பவர் என்பது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலும் தமிழகக் கிராமங்களிலும் பல ஆண்டுகள் ஆய்வு செய்த பென்னி வெரா-சான்சோ, முதியவர்கள் பூக்கட்டியும் காய்கறி விற்றும் பேரப்பிள்ளைகளை வளர்த்தும் இளைய தலைமுறையைத் தாங்கிப் பிடிப்பதை விரிவாகப் பதிவு செய்தார். லாசி ஆய்விலும் 60 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பல வீடுகளில், மகன் வீட்டில் அம்மா இருக்கிறாரா, அம்மா வீட்டில் மகன் இருக்கிறானா என்று கேட்டால் வீட்டு வரி ரசீது இரண்டாவதைத்தான் சொல்லும்.

அந்த ரசீது இருக்கும்வரை மதிப்பும் இருக்கும். "உனக்குத்தானே" என்று செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்த பின் நிலைமை மாறிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007-இல் வந்தது இதற்காகத்தான். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய சொத்தைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யலாம். இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரிந்த பொருளில் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும், அன்பின் பேரில் எழுதியதிலேயே அது அடங்கியிருக்கிறது என்று அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புகள். ஆனால் பெற்ற மகன்மேல் மனு எழுதிக் கொடுக்க எத்தனை தாய்களுக்குக் கை வரும்?

எழுதிக் கொடுக்க எதுவும் இல்லாதவர்களுக்கு அரசின் உதவித்தொகைதான் கதி. 1962-இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. சிறு தொகைதான், ஆனால் அது தாயின் பெயரில் வருகிறது. அந்தத் தொகையாலும் ரேஷன் அரிசியாலும்தான் பின்கட்டுப் பாட்டியின் தனி உலை கொதிக்கிறது. 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025-இல் தொடங்கிய "தாயுமானவர்" திட்டம் முதியவர்களின் வாசலுக்கு ரேஷன் பொருள்களைக் கொண்டுபோகிறது. மகன் செய்ய வேண்டியதை அரசு செய்கிறது என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. மகனுக்குத் திருப்பூரிலோ துபாயிலோ வேலை கிடைத்திருக்கிறது என்பதை மறந்தால்தான் அப்படிப் பேச முடியும்.

வசதியுள்ளவர்களுக்கு வேறு வழி திறந்திருக்கிறது. கோவையைச் சுற்றி ஓய்வுபெற்றோர் குடியிருப்புகள் பல எழுந்துள்ளன: பொது உணவுக்கூடம், அவசர மணி, மருத்துவர், மாலையில் பஜனை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதிகள் அங்கே விரும்பிப் போகிறார்கள், நிறைவாகவும் இருக்கிறார்கள். பொது உணவுக்கூடத்தில் சாப்பிடும் அவர்களும் வல்லம் வடகால் பெண்களும் ஒரே வகை வாழ்க்கை வாழ்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது. சொந்தக்காரர் இல்லாதவர்களோடு சேர்ந்து உண்பது இழிவு என்ற எண்ணம், பணம் கொடுத்துச் சாப்பிடும்போது மறைந்துவிடுகிறது.

ஏன் இப்படி?

காரணங்களில் முதலாவது பிள்ளைகளின் எண்ணிக்கை. 1992–93-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 குழந்தை; 2019–21-இல் 1.8. நான்கு பிள்ளைகளில் ஒருவராவது ஊரில் தங்குவார் என்று நம்பலாம். ஒரே பிள்ளை சென்னைக்குப் போனால் வீடு காலி.

இரண்டாவது, கல்யாண உறவின் மாற்றம். அக்கா மகள், அத்தை மகள், மாமன் மகள் என்று உறவுக்குள் பெண் எடுத்தபோது மருமகள் ஏற்கெனவே வீட்டுப் பெண்; மாமியார் அவளுக்கு அத்தையாகவோ பாட்டியாகவோ இருப்பார். இன்றும் நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்கள் தமிழ்நாட்டில் 28 விழுக்காடு என்கிறது அண்மைத் தேசியக் குடும்ப நல ஆய்வு. நாட்டிலேயே இது மிக அதிகம். ஆனாலும் படிப்பும் மரபணு நோய் பற்றிய அறிவும் அந்தப் பிடியைத் தளர்த்தி வருகின்றன. தளர்வது நல்லதே. அதோடு மாமியாரும் மருமகளும் முன்பின் அறியாத இரண்டு பெண்களாக ஒரே சமையலறைக்குள் நிற்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மகள் வீடு. 1989-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. 2005-இல் நாடு முழுவதும் அது வந்தது. பங்கு வந்தாலும், மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் பெற்றோரிடம் முழுதாக விலகவில்லை. அந்த எண்ணம் இன்னும் கொஞ்சம் விலகினால், தனியாக இருக்கும் தாய்களில் பலருக்கு விருப்பமான ஓர் இடம் கிடைத்துவிடும்.

நான்காவது பணம். இங்கே மேற்கு நாடுகளோடு ஒப்பிடுவது பயன் தரும். பியூ ஆய்வு மையம் 130 நாடுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 60 வயதைக் கடந்தோரில் தனியாக வாழ்பவர்கள் அந்நாடுகளில் சராசரியாக 16 விழுக்காடு, அமெரிக்காவில் 27. அங்கே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் உயர உயர, கைம்பெண்கள் பிள்ளைகளின் வீட்டைவிடத் தங்கள் வீட்டையே தேர்ந்தெடுத்தார்கள் என்று பொருளாதார ஆய்வுகள் காட்டியுள்ளன. தனிமை அங்கே வசதியால் வாங்கிய உரிமை. தமிழ்நாட்டில் தனியாக வாழும் முதியோர் ஏழைகளிடையேதான் அதிகம்.

இளையோர் பக்கம் பார்த்தால் ஐரோப்பாவிலேயே பெரும் வேறுபாடு உண்டு. 2022-இல் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது பின்லாந்தில் 21.3, குரோவேஷியாவில் 33.4. மாணவர் உதவித்தொகையும் வாடகை வீடும் எளிதில் கிடைக்கும் நாட்டில் பிள்ளைகள் சீக்கிரம் போகிறார்கள். கொரோனாத் தொற்று பரவிய 2020 ஜூலையில் அமெரிக்காவின் 18–29 வயதினரில் 52 விழுக்காட்டினர் பெற்றோருடன் இருந்தார்கள். அதே மாதங்களில் நம் ஊர்களிலும் சென்னை, பெங்களூரு அறைகளைக் காலி செய்துகொண்டு வந்த பிள்ளைகள் கூடத்தில் மடிக்கணினியை விரித்தார்கள். இருட்டடைந்த அறைகளில் விளக்கு எரிந்தது. ஓராண்டு இரண்டாண்டில் அலுவலகம் அழைத்ததும் போய்விட்டார்கள். இளையவர் திரும்பி வரவும் மறுபடி கிளம்பவும் முடிந்தது. பெற்றோருக்கு இரண்டு முறையும் வாசலில் நிற்பது மட்டும்தான் முடிந்தது.

நான் காணும் வேறுபாடு அதில் அடங்கியிருக்கிறது. இருபதில் தனியாக இருப்பது பெரும்பாலும் பலரோடு சேர்ந்த தனிமை; அறைத்தோழி உண்டு, மாற்றிக்கொள்ள இன்னொரு விடுதி உண்டு, தோற்றால் திரும்ப வீடு உண்டு. எழுபதில் தனியாக இருப்பது ஆள் குறைந்துகொண்டே போகும் தனிமை. அங்கிருந்து வேறெங்கும் போகும் வழியை நாம் வைக்கவில்லை.

செய்ய வேண்டியவை

முதலில், கூட்டுக்குடும்பத்தை மீட்டெடுப்போம் என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். அந்த ஏற்பாட்டின் சுமையை முதுகில் தாங்கியவர்கள் மருமகள்கள். அவர்களை மறுபடி அங்கே நிறுத்தி முதியோரைக் காப்பாற்ற நினைப்பது நியாயமாகாது.

வீடு கட்டும் முறையை மாற்றலாம். ஒரே மனையில் தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள சிறு பகுதி, அடுக்ககங்களில் பெரிய வீட்டை ஒட்டி ஓர் ஒற்றையறை வீடு, வீட்டுவசதி வாரியத் திட்டங்களில் தனியாளுக்கென்று ஒரு பங்கு. "வேறு வைத்தல்" கண்டுபிடித்த மண்ணுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த ஒற்றையறை வீட்டில் இருபத்தைந்து வயதுப் பெண்ணும் குடியிருக்கலாம், எழுபது வயதுத் தாயும் குடியிருக்கலாம்.

வாடகைச் சட்டத்தின் மூன்று மாத வரம்பை நடைமுறையாக்க வேண்டும். விடுதிகளுக்கு உரிமமும் ஆய்வும் கட்டாயமாக வேண்டும். வேலை போனால் தங்குமிடமும் போய்விடும் என்ற நிலை மாற வேண்டும். முதியோருக்கு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட "அன்புச்சோலை" பகல்நேர மையங்கள் நகரங்களைத் தாண்டி ஊராட்சிகளுக்கும் போக வேண்டும். பகலில் கூடிப் பேசி, ஒருவேளைச் சோறு சேர்ந்து உண்டு, இரவில் தன் வீட்டில் தன் பாயில் படுக்க முடிந்தால், தனியாக வாழ்வதன் பாரம் பாதி இறங்கும்.

எண்ணும் முறையும் மாற வேண்டும். 2011-க்குப் பிறகான அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறிக்கப்பட்டுள்ளது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் அந்தப் படிவத்தோடு, மாதிரி ஆய்வாகவேனும், தனியாக உண்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள். உங்கள் நெருங்கிய உறவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது? இரவில் அழைத்தால் வருவதற்கு யார் இருக்கிறார்கள்? இப்படி வாழ்வது நீங்கள் விரும்பி எடுத்த முடிவா?

வல்லம் வடகால் பேத்தியிடமும் பின்கட்டுப் பாட்டியிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்டால், முதல் இரண்டுக்கும் இருவரும் ஏதோவொரு பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது கேள்வியில் பாட்டி சற்றுத் தயங்கக்கூடும். அதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.